‘இறங்கலாம்’ என்ற குரல்

செங்காட்டுக் குளத்தில் சீழ்க்கைச் சிறகிகள் வந்து இறங்கிய காலையில் கரையில் நின்ற எல்லாருக்கும் கண் கலங்கியது, தாரணி ஒருத்தியைத் தவிர. பல் டாக்டர் அமிர்தவல்லி தேம்பியே விட்டார். நாற்காலியில் படுத்திருப்பவர் என்ன அலறினாலும் கடைவாய்ப் பல்லை நிதானமாகப் பிடுங்கி எடுக்கிற பெண்மணி அவர். அவர் அழுது பறவை பார்க்கும் குழுவில் யாரும் பார்த்ததில்லை.

“எத்தன வருசமாச்சு கண்ணு, இந்தச் சத்தத்தக் கேட்டு” என்றார், தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு.

“ஆமாங்க்கா” என்றாள் தாரணி. அந்த வாத்துகள் ஏன் வந்தன என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

கோவையின் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பறவைக் குழுவுக்கு எல்லாமே அமிர்தவல்லிதான். சேருவதற்குக் கட்டணம் கிடையாது. பைனாகுலர்கூட இரவல் கிடைக்கும். ஒரே ஒரு விதி உண்டு. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கக் கூடாது. கரையேறும் முன் ஒவ்வொருவரும் போனை எடுத்து, ஒலியை அடியோடு குறைத்து, மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. ஆந்தையைப் படம் எடுக்கும் ஆசையில் இன்னொரு ஆந்தையின் குரலைப் போட்ட ஒருவரை, சொந்தத் தம்பி என்றும் பாராமல் அமிர்தவல்லி குழுவைவிட்டு நீக்கினார். தம்பி வீட்டுச் சீருக்குக்கூட அந்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. அவர் அசையவில்லை.

“அதுக நம்மூட்டுக்கு வர்ற ஒறம்பரை மாதிரி” என்பார். “அதுகளாத் தோணி வந்தா வரட்டும். பொய் சொல்லிக் கூட்டியாந்து பாக்கறது ஒரு பாக்கறதா?”

தாரணி ஏழு வருடமாக அந்தக் குழுவில் இருந்தாள். ஒலியைக் குறைத்துக் காட்டாமல் அவள் ஒரு ஞாயிறுகூடக் கரையேறியதில்லை.

அவள் வேலை பார்த்தது மயில் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில். ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மயில்கள் தக்காளியையும் நிலக்கடலையையும் கொத்தித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. சுடவும் கூடாது, விரட்டினாலும் போகாது. இந்தப் பெட்டியைத் தோட்டத்தில் வைத்தால் அது மயில்களின் பேச்சிலேயே மயில்களோடு பேசி, இங்கே ஆபத்து, வேறு பக்கம் போ என்று அனுப்பிவிடும். ஆயிரக்கணக்கான பழைய பதிவுகளைக் கேட்கவைத்து அந்தப் பெட்டிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் தாரணியின் வேலை. பறவைகளை விரட்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவற்றைத் தேடிப் போவதைப் பற்றி அவளுக்கே ஒரு கூச்சம் இருந்தது. ஆனால் பெட்டி வந்த பிறகு மயிலுக்கு விஷம் வைப்பது நின்றுபோனது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வாள்.

குளத்துக்கு வந்த ஆபத்து சட்டத்தின் வழியாக வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து எந்த நீர்ப்பறவையும் குஞ்சு பொரிக்காத குளம் செத்த குளம். அதை மூடிக் கட்டிடம் கட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு புதுச்சட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குளத்தைச் சாகடிக்க நினைப்பவன் சாக்கடையைத் திருப்பிவிட்டு மூன்று வருடம் காத்திருந்தால் போதும். செங்காட்டுக் குளத்துக்கு அது மூன்றாவது வருடம். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சாயத்தண்ணீர், நடுவில் ஆகாயத்தாமரை. கிழக்குக் கரையில் கட்டுமான நிறுவனம் ஒன்று நாற்பது மாடிக் குடியிருப்பின் படத்தைப் பெரிதாக எழுப்பி வைத்திருந்தது. அந்தப் படத்தில் வானத்தில் நாலைந்து பறவைகள் பறந்தன.

குழுவுக்காகக் கூலி வாங்காமல் வழக்கு நடத்திய சபாபதி வக்கீலைத் தாரணி தனியாகப் போய்ப் பார்த்தாள்.

“அதிகாரி ஆய்வுக்கு வர்றப்ப குஞ்சோட நாலு பறவ இருந்தாப் போதுமுங்க” என்றார் சபாபதி. “அப்பறம் இந்தக் குளத்த ஒருத்தனும் தொட முடியாது. ஆனா இருக்கோணுமே.”

“கூப்பிட முடியுங்க சார்.”

“போன்ல குரல் போட்டா? அது பொய்யின்னு பறவைக ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுருமுன்னு அமிர்தவல்லியம்மாவே சொல்லியிருக்காங்களே.”

“அது பதிவு பண்ணுன குரலுங்க. சொன்னதையே சொல்லும். எங்க பெட்டி காது குடுத்துக் கேக்கும். சிறகிக கூட்டமாப் போறப்ப ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டேதான் போகும், எறங்கலாமா, வேண்டாமான்னு. கீழ இருந்து ஒரு குரலு, எறங்கலாம், தண்ணி நல்லாருக்குது, எரை இருக்குதுன்னு சொன்னா எறங்கிரும். சந்தேகமாத் திருப்பிக் கேட்டுச்சுன்னா அதுக்கும் பெட்டி பதில் சொல்லும்.”

“தண்ணி நல்லாருக்குதுங்களா?”

தாரணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சபாபதி மேசைமேல் இருந்த வழக்குக் கட்டை எடுத்து நாடாவைக் கட்டினார். “இத நீங்க எங்கிட்டச் சொல்லுலீங்க. நானும் எதுவும் கேக்குலீங்க” என்றார்.

மீன்காரர் ஒருவரிடம் பரிசலை வாங்கிக்கொண்டு தாரணி ஒரு சாயங்காலம் குளத்தின் நடுத்திட்டுக்குப் போனாள். சிறகிகளின் பழைய பதிவுகளைக் கேட்கவைத்து அவற்றைப் போலப் பேசப் பழக்கிய, டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டியை அங்கிருந்த கருவேல மரத்தின் கவட்டையில் வைத்துக் கட்டினாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் சிறகிகள் இறங்கின, அமிர்தவல்லி அழுதார்.

பிறகு குளம் களைகட்டியது. சிறகிகள் கோரைப்புல்லில் கூடு வைத்தன. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், கரையில் கரும்புச்சாற்று வண்டிகூட வந்துவிட்டது. குஞ்சுகள் பொரிந்து தாயின் பின்னால் நீந்திய அன்று தாரணிக்கும் உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். நல்லதுக்காகச் சொன்ன பொய் என்று தன் காரியத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். பெயர் வைத்தபின் தூக்கமும் நன்றாக வந்தது.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. சாயத்தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. மதகு ஓரத்தில் நுரை கட்டியது. ஆய்வுக்கு அதிகாரி வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்து தாரணி குளத்துக்குப் போனபோது, ஒரு குஞ்சு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. மற்ற குஞ்சுகளிடமும் முன்பிருந்த துறுதுறுப்பு இல்லை.

அப்போது ஒரு தாய்ச் சிறகி தண்ணீரைவிட்டு ஏறியது. பின்னாலேயே குஞ்சுகள். கரையின் சரிவில் வரிசையாக ஏறி, தாரணிக்குப் பக்கத்திலேயே வந்து, மறுபக்கம் இறங்கப் பார்த்தது. அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் வழியே போனால் அடுத்த குளம். நீர் கெட்டுப்போனால் சிறகிகள் இப்படித்தான் குஞ்சுகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகும் என்று அவள் படித்திருக்கிறாள். பார்ப்பது முதல் தடவை. மூச்சுவிடாமல் நின்றாள்.

தாய் ஒரு முறை சீழ்க்கையடித்தது. நடுத்திட்டிலிருந்து பதில் வந்தது.

தாய் நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி பதில் வந்தது. இங்கே நன்றாக இருக்கிறது, இரை இருக்கிறது, பயமில்லை. தாரணி தன் கையால் கற்றுக்கொடுத்த பதில் அது. தாய் கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டி அந்தப் பக்கமே பார்த்தது. பிறகு திரும்பி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே தண்ணீரில் இறங்கியது.

பெட்டியை நிறுத்தத் திட்டுவரை போகத் தேவையில்லை. போனில் ஒரு தொடுதல் போதும். போன் கையில்தான் இருந்தது. அவள் சபாபதியைக் கூப்பிட்டாள்.

“குஞ்சுக சாகுதுங்க சார். அதுக கெளம்பப் பாக்குதுக, பெட்டி விடமாட்டேங்குது. நிறுத்துனா நாளைக்கே போயிருமுங்க.”

“வியாழக்கெழம வரைக்கும் தாங்காதுங்களா?” என்றார் சபாபதி. பிறகு, “எனக்குத் தெரியாதுங்க. நீங்க பாத்து முடிவு பண்ணிக்கோங்க” என்று வைத்துவிட்டார்.

தாரணி முடிவு பண்ணினாள். இந்தக் குஞ்சுகள் போனால் குளம் போகும். குளம் போனால் இனி வரப்போகிற எத்தனையோ குஞ்சுகளுக்கு இடம் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டாள். செவ்வாயும் புதனும் குளத்துப் பக்கமே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொன்னாள், அது பொய்யாகவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். வடக்குக் கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தார். தாய்களையும் மிச்சமிருந்த குஞ்சுகளையும் படம் எடுத்துக்கொண்டார். “உயிரோட்டமான குளம்” என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள். அமிர்தவல்லி கைதட்டவில்லை. தெற்குக் கரையில், யாரும் போகாத கோரைப்புல் ஓரத்தில், கிளினிக்கில் போடும் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தாரணி கிட்டப் போனாள். பை நிறைந்திருந்தது.

“கொளம் பொழச்சுது” என்றார் அமிர்தவல்லி. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே தாரணி பெட்டியை நிறுத்தினாள். மறுநாள் விடியும்போது தாய்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. நடக்க முடிந்த குஞ்சுகளும் போய்விட்டிருந்தன. நோஞ்சான் ஒன்று மட்டும் கோரைக்குள் தனியாக விடப்பட்டுக் கிடந்ததாக மீன்காரர் சொன்னார். அது எப்படியும் தேறாது என்றும் சொன்னார். பெட்டியை எடுத்துவரத் திட்டுக்குப் போனவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியமில்லை.

தீர்ப்பு வந்ததும் பாராட்டு விழா வைத்தார்கள். தாரணியின் தோளிலும் ஒரு பொன்னாடை விழுந்தது. பறவைகள்மேல் அவளுக்கு இருக்கிற அன்பைப் பற்றிச் சபாபதி ஐந்து நிமிடம் பேசினார், அவள் முகத்தைப் பார்க்காமலேயே. அவளுக்கு அந்த மேடையிலிருந்து இறங்கி எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைச் சுருட்டி, அலமாரியின் அடித்தட்டில், பெட்டியின் மேலேயே போட்டாள். அதன்பின் அமிர்தவல்லியும் அவளோடு அளந்துதான் பேசினார். அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, என்றைக்காவது எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறார் என்று ஒவ்வொரு ஞாயிறும் பயந்தாள். ஆனாலும் போனாள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே.

தீர்ப்பு சும்மா காகிதத்தோடு நின்றுவிடவில்லை. சாக்கடையைத் திருப்பினார்கள். சாயப்பட்டறைக் குழாயை அடைத்தார்கள். ஒரு நல்ல மழைக்காலம் வந்து குளத்தை அலசிவிட்டுப் போனது. அடுத்த வருடம் தண்ணீர் அடிமண் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது. அல்லி பூத்தது, நத்தை வந்தது, குறவை மீன் வந்தது. முக்குளிப்பானும் நாமக்கோழியும் தானாகவே வந்தன. யாரும் கூப்பிடவில்லை. பெட்டியில்லாமலே குளம் பறவைகளுக்குப் பிடித்துப்போனதைப் பார்க்கப் பார்க்கத் தாரணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எப்படியும் கடைசியில் நல்லதுதானே நடந்தது என்று நினைத்துக்கொள்வாள்.

சிறகிகள் மட்டும் இறங்கவில்லை. கூட்டமாக வரும், குளத்தின் மேல் தாழ்ந்து ஒரு வட்டமடிக்கும். கீழே கோரைக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் ஒன்று கேட்கும். உடனே கழுகைக் கண்ட மாதிரி சிதறி மேலே ஏறிப் போய்விடும். ஒவ்வொரு வாரமும் இதே கதை.

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், அமிர்தவல்லி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“பொட்டிய இன்னும் எடுக்கலியா தாரணி?”

“எடுத்துட்டனுங்க்கா, வீட்டுல…” என்று சொல்லி முடிப்பதற்குள் தாரணிக்குக் கேள்வி உறைத்தது. “உங்களுக்கு எப்பிடீங்க்கா?”

“மொத நாளே தெரியும்.”

தாரணி கரைக் கல்லில் உட்கார்ந்தாள். அமிர்தவல்லி நின்றபடியே பேசினார்.

“எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முந்தி, இதே கொளத்துல ஒரு சிறகியப் பதிவு பண்ணுனேன். மேலலகு நுனி ஒடஞ்சுபோன பறவ. தொழில் புத்தி, எதப் பாத்தாலும் வாயத்தான் மொதல்ல பாப்பேன். முன்பல்லு போனவிய பேசுனா காத்துப் போகுமே, அப்பிடி அதோட விசிலு கடைசில ஒழுகும். ஆராய்ச்சிக்காரங்க யாரு வேணா எடுத்துக்கட்டுமின்னு நாந்தான் அந்தப் பதிவப் பொதுவுல போட்டு வெச்சேன். நீ எடுத்திருக்கற. அன்னிக்கு அந்தத் திட்டுல இருந்து அதே விசிலு வருது. அந்தப் பறவ செத்து எத்தனையோ வருசமாச்சு.”

“அன்னிக்கு நீங்க அழுதீங்களேக்கா.”

“சந்தோசத்துலன்னா நெனச்ச?” என்றார் அமிர்தவல்லி. “விதியப் போட்டவ நானு. பரிசல எடுத்துட்டுப் போயி அதக் கழட்டியிருக்கோணும். கொளம் வேணுமின்னு கம்முனு நின்னேன். குஞ்சுகளப் பொறுக்கறப்பக்கூட உன்னைய ஒரு வார்த்த கேக்க எனக்கு வாயில்ல. கூடப் பொறந்தவன வெளிய போன்னு சொன்ன வாயி இது.”

“எம்மேல கோவமா இருக்கறீங்கன்னு நெனச்சனுங்க்கா.”

“உன்னையப் பாத்தா என்னையவே பாக்கற மாதிரி இருந்துச்சு. அதான் பாக்கல.”

இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் சுமந்திருக்கிறார் என்று தெரிந்தால் பாரம் குறையும் என்பார்கள். தாரணிக்குக் குறையவில்லை. அக்காவாவது சுத்தமாக இருக்கட்டும் என்று மனதின் ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் போயிற்று.

அப்போது கோரைக்குள்ளிருந்து சீழ்க்கை கேட்டது. தெளிவாகத் தொடங்கி, கடைசியில் காற்றுப் போய் ஒழுகியது.

“நீ எடுத்துட்டன்னா” என்றார் அமிர்தவல்லி மெதுவாக, “அது ஆரு?”

இருவரும் பைனாகுலரைத் திருப்பினார்கள். கோரை விலகிய இடத்தில் ஒரே ஒரு சிறகி நின்றது. இளம்பறவை. ஒரு காலைக் கொஞ்சம் தாங்கி வைத்திருந்தது.

“அலகு முழுசா இருக்குது” என்றார் அமிர்தவல்லி. “ஒடையவே இல்ல.”

தாரணிக்குப் புரிந்துவிட்டது. “அந்த நோஞ்சானுங்க்கா. தேறாதுன்னு சொன்னாங்களே, அது. முட்டைக்குள்ள இருக்கறப்பருந்து அதுக்குக் கேட்டதெல்லாம் பெட்டிதான். தாயிகளும் போயிருச்சுக. சிறகிக குரலக் கத்துக்காதுன்னுதான் இத்தன நாளு நெனச்சிருந்தோம். இது கத்துக்கிட்டிருக்குது.”

“அப்ப மேல வர்றதுகளுக்கு…”

“அது போன வருசத்துக் கொரலுங்க்கா. குஞ்சுகளத் திருப்பிக் கூப்பிட்டுச் சாகவெச்ச கொரலு. அதுக மறக்குலீங்க.”

மேற்கிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. குளத்தின் மேல் தாழ்ந்து, தங்களுக்குள் கேட்டுக்கொண்டே வட்டமடித்தது. கோரையிலிருந்த சிறகி கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு பதில் சொன்னது. அந்தப் பதில் தாரணிக்கு மனப்பாடம். இறங்கலாம், தண்ணீர் நன்றாக இருக்கிறது, இரை இருக்கிறது, பயமில்லை. இன்றைக்கு அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கூட்டம் சிதறி மேலே ஏறியது. தாரணி பைனாகுலரை இறக்கிவிட்டாள். அமிர்தவல்லி இறக்கவில்லை. டீ குடித்துவிட்டு மற்றவர்கள் பேசிச் சிரித்தபடி கரையேறி வந்தார்கள். அன்று புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், ஒலியைக் குறைத்த போனை இன்னும் கையில் பிடித்தபடி தாரணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது என்னங்க்கா சொல்லுது, அந்த வாத்து?” என்று கேட்டாள்.

கூட்டம் போன திசையைப் பார்த்து அது மறுபடியும் கூப்பிட்டது.